மாத்திடலாம் சார்... எதை? ஏன்?

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். சோதிச்சுப் பார்க்காம ஒரு பொருளை மாத்துறதுக்குப் பேரு ரிப்பேர் இல்லை. அதுக்குப் பேரு விற்பனை.

இதைச் சொன்னா உடனே ரெண்டு பேர் வருவாங்க. "நீ பேங்க்ல பற்று வரவு எழுதுறவன், உனக்கு இஞ்சின் பத்தி என்ன தெரியும்?"னு கேப்பாங்க. கேக்கட்டும். பி.காம் படிச்சவன் கேக்குற சாதாரணக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத இஞ்சினியரிங், என்ன இஞ்சினியரிங்? என் இருபது வருஷ சர்வீஸ்ல நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான். வவுச்சர் இல்லாம எந்தக் கணக்குலயும் பற்று வைக்கக் கூடாது. அதையேதான் இங்கேயும் கேக்குறேன். என் கணக்குல ஒன்பதாயிரம் பற்று வைக்கிறியே, வவுச்சர் எங்கே?

விஷயம் இதுதான். என்னோடது 2011 மாடல் டீசல் கார், 1,248 சிசி. போன ஏப்ரல்ல இழுவை குறைஞ்சுது. கரும்புகை இல்லை, சத்தம் இல்லை, ஆனா ஆக்ஸிலேட்டரை மிதிச்சா வண்டி யோசிச்சு யோசிச்சுப் போகுது. டேஷ்போர்டுல மஞ்சள் விளக்கு. மே மாசம் புள்ளைங்களுக்கு லீவு, ஊருக்குப் போகணும். மும்பையில இருந்து திருநெல்வேலி எவ்வளவு தூரம்னு இங்கே இருக்குற நம்ம ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புனே தாண்டி கம்பாட்கி காட் ஏறும்போது பின்னாடி லாரி, முன்னாடி லாரி, நடுவுல இழுவை இல்லாத வண்டியில குடும்பத்தோட நிக்கிறதை நினைச்சுப் பாருங்க.

ஒரு சர்வீஸ் சென்டர்ல விட்டோம். பேர் வேண்டாம். ஸ்கேனரைச் சொருகினார் அந்தத் தம்பி. ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. "ஏர் ஃப்ளோ சென்சர் போயிடுச்சு, பதல்னா படேகா சாப்". மாத்தணுமாம். சென்சர், கூலி, வரி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சில்லறை. "சென்சரைச் சோதிச்சுப் பார்த்தீங்களா?"னு கேட்டேன். "ஸ்கேனர் சொல்லுது சாப்". "அது சரி, சென்சரைக் கழட்டித் தனியா சோதிச்சீங்களா?" அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு சாமிக்கு ஐடி கார்டு இருக்கான்னு கேட்ட மாதிரி. "அதெல்லாம் வெளியில சோதிக்க முடியாது சாப்."

இந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் இந்தப் பதிவு. வெளியில சோதிக்க முடியாதுங்கறது பொய். முழுப் பொய் இல்லை, முக்கால் பொய். அந்தக் கால் உண்மையையும் கீழே எழுதுறேன், பயப்படாதீங்க.

முதல்ல இந்தச் சென்சர் என்ன பண்ணுது?

இஞ்சினுக்குள்ள போற காத்து எத்தனை கிராம்னு எண்ணிச் சொல்றதுதான் இதோட வேலை. நம்ம ஹவுசிங் சொசைட்டி கேட்ல வாட்ச்மேன் ரிஜிஸ்டர்ல எழுதுறாரே, அதே மாதிரி. உள்ளே போற காத்து இவ்வளவுன்னு தெரிஞ்சாதான் டீசல் எவ்வளவு விடலாம்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும்.

எப்படி எண்ணுது? 1973-ல பாஷ் கம்பெனி எல்-ஜெட்ரானிக்னு ஒரு முறை கொண்டு வந்தது. அதுல காத்துப் பாதையில ஒரு தகடு கதவு. காத்து தள்ளத் தள்ளக் கதவு திறக்கும், எவ்வளவு திறந்துச்சுங்கறதை வோல்ட்டா சொல்லும். 1980-கள் தொடக்கத்துல எல்எச்-ஜெட்ரானிக் வந்தது. அதுல கதவு கிடையாது, 70 மைக்ரான் தடிமன்ல ஒரு பிளாட்டினக் கம்பி. கம்பியைச் சூடா வச்சிருப்பாங்க. காத்து பட்டா ஆறும். ஆறவிடாம அதே சூட்டுல வச்சிருக்க எவ்வளவு மின்சாரம் கூடுதலா தேவைப்படுதோ, அதுதான் காத்தோட கணக்கு. சூடான காப்பியை டபராவுல ஊத்தி ஊதுறோமே, எவ்வளவு வேகமா ஊதுறோமோ அவ்வளவு வேகமா ஆறும். அவ்வளவுதான் தத்துவம். அப்புறம் கம்பி போய், மெல்லிய படலம் வந்தது. இன்னைக்கு நம்ம கார்கள்ல இருக்குறது பெரும்பாலும் அந்தச் சூட்டுப் படலம்தான்.

ஒண்ணு கவனிங்க. கதவு, கம்பி, படலம் எதுவா இருந்தாலும் வேலை ஒண்ணுதான். கரண்ட் கொடுத்தா, காத்துக்கு ஏத்த மாதிரி ஒரு அளவைத் திருப்பிக் கொடுக்கணும். இதுக்கு இஞ்சின் வேணுமா? வேண்டாம். கார் வேணுமா? அதுவும் வேண்டாம். கரண்டும் காத்தும் இருந்தாப் போதும். ரெண்டும் ஆண்டாப் ஹில்லில் கிடைக்கும்.

ஸ்கேனர் சொன்னது தீர்ப்பு இல்லை, புகார்

என் வண்டியில வந்த கோடு பி-0101. இதோட அர்த்தம் "சென்சர் கெட்டுப் போச்சு" இல்லை. "காத்துக் கணக்கு நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை"ன்னு கம்ப்யூட்டர் சொல்லுது, அவ்வளவுதான். பி-0102ன்னா சிக்னல் ரொம்பக் குறைவு, பி-0103ன்னா ரொம்பக் கூடுதல். எதுலயும் "மாத்து"ன்னு எழுதலை.

எங்க பிராஞ்சுல சாயங்காலம் கேஷ் டேலி ஆகலைன்னு வைங்க. ஐந்நூறு ரூபாய் குறையுது. உடனே கேஷியரை சஸ்பெண்ட் பண்ணிடுவோமா? வவுச்சரைத் தேடுவோம், கட்டை மறுபடி எண்ணுவோம், ஒரு எண்ட்ரி ரெண்டு தடவை விழுந்திருக்கான்னு பார்ப்போம். கேஷியர் மேல தப்பு இருக்கலாம். ஆனா அவர் கடைசியாத்தான் வருவார். கார் விஷயத்துல மட்டும் கேஷியர் முதல்லயே சஸ்பெண்ட்.

இதே கோடு வர்றதுக்கு எத்தனை காரணம் இருக்கு தெரியுமா? ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கலாம். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல இருக்குற ரப்பர் குழாய் கிழிஞ்சிருக்கலாம். இ.ஜி.ஆர் வால்வு கரி பிடிச்சுத் திறந்தபடியே நிக்கலாம். கனெக்டர்ல பச்சை பிடிச்சிருக்கலாம். எலி வயரைக் கடிச்சிருக்கலாம். மும்பையில இன்னொரு காரணமும் உண்டு, அது மழை. 2005 ஜூலை 26-ஐ மறந்திருக்க மாட்டீங்க. சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர். அந்த மாதிரி நாள் தினம் வராது. ஆனா கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட்ல முட்டளவு தண்ணி வருஷா வருஷம் உண்டு. அதுல ஒரு தடவை ஓட்டினாலே ஃபில்டர் நனைஞ்சு, கனெக்டர்ல ஈரம் ஏறும். இத்தனை சந்தேக நபர்கள் இருக்கும்போது ஒருத்தரை மட்டும் பிடிச்சு ஒன்பதாயிரம் அபராதம் போட்டா எப்படி?

சாட்சியைத் தனியா விசாரிக்கணும்னு சொல்வாங்க. அதுக்குத்தான் சென்சரைக் கழட்டி வெளியில வச்சுச் சோதிக்கிறது. வண்டியோட வயர், எர்த், குழாய், வால்வு எதுவும் பக்கத்துல நிக்காது. சென்சர் தனியா நின்னு பதில் சொல்லணும்.

மேஜை மேல நடந்தது

வண்டியை அங்கேயிருந்து எடுத்துட்டு, வடாலா ஆர்டிஓ பக்கம் மோனோ ரயில் தூண்களுக்குப் பக்கத்துல கடை போட்டிருக்குற நம்ம அண்ணாச்சி ஒருத்தர்கிட்ட போனேன். தூத்துக்குடிக்காரர். பதினஞ்சு வயசுல இங்கே வந்து ஸ்பேனர் பிடிச்சவர். "சார், மாத்துறது பெரிய விஷயமா? முதல்ல அது உயிரோட இருக்கான்னு பாப்போம்"னார். அந்த ஒரு வரிக்காகவே அவருக்குக் கும்பிடு போடலாம்.

அவர் மேஜையில இருந்த சாமான் என்னென்னன்னு கேளுங்க. பழைய யூபிஎஸ்ல இருந்து எடுத்த 12 வோல்ட் பேட்டரி. லாமிங்டன் ரோட்டுல வாங்கின 7805ன்னு ஒரு சின்ன சிப், 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க. குர்லா சிஎஸ்டி ரோட்டுப் பழைய சாமான் கடையில வெட்டி எடுத்த கனெக்டர், வயரோட. ஒரு மல்ட்டிமீட்டர். கம்ப்யூட்டர் கேபினட்ல இருந்து கழட்டின ஒரு குட்டி ஃபேன், அதை ஒரு பிவிசி குழாய்த் துண்டுல ஒட்டியிருக்கார். எல்லாம் சேர்த்து மாத்தச் சொன்ன பில்லுல கால்வாசிகூட வராது.

அவர் செஞ்சதை வரிசையா எழுதுறேன். என் சென்சர் பாஷ் எச்எஃப்எம்-5 வகை, அஞ்சு கால் உள்ளது. உங்களோடது வேறயா இருக்கலாம்.

1. முதல்ல அந்த வண்டியோட வயரிங் படத்தைப் பார்த்து எந்தக் கால் எதுக்குன்னு உறுதி பண்ணிக்கிட்டார். இதுல ஊகம் கூடவே கூடாது. 5 வோல்ட் கால்ல 12 வோல்ட் போனா, நல்லா இருந்த சென்சரும் அங்கேயே காலி.

2. சென்சரோட ரெண்டு வாயையும் பிளாஸ்டிக் கவரால மூடினார். காத்து துளியும் ஓடக்கூடாது. அப்புறம் கரண்ட் கொடுத்தார். காத்து நிக்கும்போது இந்த வகைச் சென்சர் ஏறக்குறைய 1 வோல்ட் காட்டணும். 1.00, 1.01, 1.02ன்னா ஆரோக்கியம். 1.05-ஐத் தாண்டினா அழுக்கோ வயசோ. என்னோடது 1.01.

3. கவரை எடுத்துட்டு ஃபேனைப் போட்டார். வோல்ட் ஏறுச்சு. ஃபேனை நகர்த்தினா இறங்குச்சு. வாயால ஊதினார், சட்டுனு எகிறி, நிறுத்தினதும் மறுபடி 1.01-க்கு வந்து நின்னுது. ஏறி இறங்குறதுல தயக்கம் இருந்தா படலம் அழுக்குன்னு அர்த்தம்.

4. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால மெதுவாத் தட்டினார், வயரை ஆட்டினார். அளவு குதிக்கலை. குதிச்சா உள்ளே சால்டர் விட்டிருக்கு.

5. அதே சென்சருக்குள்ள காத்தோட சூட்டைச் சொல்ற ஒரு பகுதி இருக்கு. கையால பொத்திப் பிடிச்சு ஓம் அளவைப் பார்த்தார். சூடு ஏற ஏற அளவு குறைஞ்சுது. சரி.

6. கடைசியா, நல்லா ஓடிக்கிட்டிருக்குற அதே மாடல் வண்டியோட சென்சரை அதே ஃபேன் முன்னாடி, அதே தூரத்துல வச்சுப் பார்த்தார். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

மொத்தம் இருபத்தஞ்சு நிமிஷம். சென்சர் நிரபராதி.

இப்ப என் பங்குக்கு ஒரு கணக்கு. பி.காமை வேஸ்ட் பண்ணலாமா? இஞ்சின் 1.248 லிட்டர். ஐடிலிங்ல 850 சுத்து. நாலு ஸ்ட்ரோக்னா ரெண்டு சுத்துக்கு ஒரு மூச்சு, ஆக நிமிஷத்துக்கு 425 மூச்சு. 425 தடவை 1.248, சுமார் 530 லிட்டர். அறுபதால வகுத்தா வினாடிக்கு 8.8 லிட்டர். மும்பைச் சூட்டுல ஒரு லிட்டர் காத்து சுமார் 1.16 கிராம். ஆக அதிகபட்சம் வினாடிக்கு 10 கிராம். இஞ்சின் முழு மூச்சு எடுக்காது, எட்டு, ஒன்பது வந்தாலே சரி. இ.ஜி.ஆர் திறந்திருந்தா பழைய புகையும் உள்ளே வர்றதால புதுக் காத்து நல்லாவே குறையும், அதனால அதை மூடி வச்சுப் பார்க்கணும். அண்ணாச்சி அப்படித்தான் பார்த்தார். ஸ்கேனர்ல காட்டினது அஞ்சுக்கும் கீழே.

மேஜையில சரியா எண்ணுற ஆள், வண்டிக்குள்ள குறைச்சு எண்ணுறான். அப்படின்னா என்ன அர்த்தம்? வாட்ச்மேன் ஒழுங்காத்தான் ரிஜிஸ்டர் எழுதுறார், ஆளுங்க பின்பக்கச் சுவர் ஓட்டை வழியா உள்ளே வர்றாங்க. சென்சருக்கும் டர்போவுக்கும் நடுவுல இருந்த ரப்பர் குழாயை வளைச்சுப் பார்த்தார். அடிப்பக்கம், மடிப்புக்குள்ள, விரல் நீளத்துக்கு வெடிப்பு. கணக்குல வராத காத்து அது வழியா போகுது. காத்து குறைவுன்னு நினைச்சு கம்ப்யூட்டர் டீசலைக் குறைக்குது. அதனாலதான் இழுவையும் இல்லை, புகையும் இல்லை. குழாய், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூறு ரூபாய். மே மாசம் கம்பாட்கி காட் ஏறினோம். தங்கமணி தூங்கிக்கிட்டே வந்தாங்க, அதைவிட வேற சர்டிபிகேட் தேவையில்லை :-)

ஒன்பதாயிரம் கொடுத்துச் சென்சரை மாத்தியிருந்தா? புதுச் சென்சரும் அதே ஓட்டைக்கு முன்னாடி நின்னு அதே பொய்க் கணக்கைத்தான் எழுதியிருக்கும். அப்புறம் "டர்போ போயிடுச்சு சாப்"னு வந்திருப்பாங்க. இப்படித்தான் ஒரு கிழிஞ்ச ரப்பர் குழாய் அறுபதாயிரம் ரூபாய் ஆகுது.

எல்லாச் சென்சரும் உத்தமம்னு நான் சொல்லலை. எங்க பில்டிங்ல இருக்குற ஒரு சிஜிஎஸ் காலனி ரிட்டயர்டு சாரோட வண்டிச் சென்சர், அதே மேஜையில, காத்தே இல்லாதப்ப 1.2 வோல்ட் காட்டுச்சு. சுத்தம் பண்ணியும் இறங்கலை. மாத்தினார், வண்டி சரியாச்சு. அது நியாயமான மாத்தல். வவுச்சர் இருக்கு, பற்று வைக்கலாம்.

அந்தக் கால் உண்மை

மேஜைச் சோதனைக்கு எல்லை உண்டு. வினாடிக்கு 40 கிராம் காத்து ஓடும்போது சென்சர் சரியா 40ன்னு சொல்லுதான்னு குட்டி ஃபேனை வச்சுச் சொல்ல முடியாது. அதுக்கு அளந்து காத்து விடுற பெரிய பென்ச் வேணும், அது தயாரிப்பாளர்கிட்ட இருக்கும். சூடானா மட்டும் மக்கர் பண்ற சென்சர் மேஜையில நல்ல பிள்ளையா நடிக்கலாம். புது வகைச் சென்சர்கள் பல வோல்ட்டைக் கொடுக்காம அதிர்வெண்ணைக் கொடுக்கும், அதுக்கு ஹெர்ட்ஸ் அளக்குற மீட்டர் வேணும். எல்லாம் சரி. ஆனா செத்ததா இருக்கா, பூஜ்யம் நகர்ந்திருக்கா, மந்தமா இருக்கா, உள்ளே லூஸா இருக்கான்னு நாலு கேள்விக்கும் மேஜை பதில் சொல்லுது. மீதி கேள்விக்குப் பதில் தெரியலைங்கறது முதல் நாலு கேள்வியையே கேக்காம இருக்கக் காரணமாகுமா? ஸ்டெதாஸ்கோப் எல்லா நோயையும் சொல்லாது. அதுக்காக டாக்டர் நெஞ்சுல அதை வைக்காமலேயே ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்தா சும்மா விடுவோமா?

இன்னொரு கூத்து. நம்ம ஊர்ல ஓடுற சின்ன பெட்ரோல் கார்கள் பலதுல காத்து எண்ணுற சென்சரே கிடையாது. அதுக்குப் பதிலா மேனிஃபோல்டுக்குள்ள அழுத்தத்தைச் சொல்ற மேப் சென்சர் இருக்கும். "ஏர் ஃப்ளோ சென்சர் போச்சு"ன்னு சொன்னா, "என் வண்டியில அது இருக்கா?"ன்னு முதல்ல கேளுங்க. மேப் சென்சரைச் சோதிக்கிறது இன்னும் சுலபம். 5 வோல்ட் கொடுத்து, மருந்துக் கடை சிரிஞ்சால உறிஞ்சினா அளவு மாறணும். மாறாம நின்னா அவுட்.

எதிர்க்கட்சி வாதம்

"இருபத்தஞ்சு நிமிஷம் சோதிச்சா யார் கூலி கொடுப்பா?" இதுதான் அவங்களோட உண்மையான வாதம். இதுல நியாயம் இருக்கு. அதனால இந்த இடத்துல நான் கட்சி மாறி நம்மளையே திட்டப் போறேன்.

ஒன்பதாயிரம் ரூபாய் டப்பாவுக்கு வாயைத் திறக்காம கார்டைத் தேய்ப்போம். ஐந்நூறு ரூபாய் சோதனைக் கூலின்னா "சும்மா பார்த்ததுக்கா ஐந்நூறு?"ன்னு சண்டைக்கு நிப்போம். பொருளுக்குக் கொடுப்போம், புத்திக்குக் கொடுக்க மாட்டோம். அப்புறம் எவன் சோதிப்பான்? கடைக்காரனுக்குச் சோதிச்சா நஷ்டம், மாத்தினா கமிஷன். அவனை அப்படிப் பழக்கினது யாரு? கண்ணாடிக் கதவு, ஏசி, காப்பி மெஷின், சோபா இருந்தா அங்கே எல்லாம் சரியா நடக்கும்னு நம்புற நாமதான். ரோட்டோரத்துல எண்ணெய்க் கையோட நிக்கிறவன்கிட்ட மட்டும் ஐம்பது ரூபாய்க்குப் பேரம்.

ஊரை விட்டு வந்தவங்களுக்கு இதுல இன்னொரு பலவீனமும் உண்டு. பாஷை சரியா வராத இடத்துல கேள்வி கேக்கக் கூச்சம். ஊர்லயா இருந்தா மச்சானோ சித்தப்பாவோ "ஏலே, என்னத்த மாத்துத?"ன்னு கூட நின்னு கேப்பாங்க. இங்கே நாம தனியா கவுண்டர்ல நிக்கிறோம். மும்பைன்னு இல்லை, துபாயோ நியூஜெர்சியோ, எல்லா இடத்துலயும் இதே நிலைமைதான். அந்தக் கூச்சத்தோட விலைதான் பில்லுல ஏறுது.

"வெளியில காட்டினா வாரண்டி போயிடும்" என்பது ரெண்டாவது வாதம். சும்மா மிரட்டல் இல்லை, வருஷக்கணக்கா இதை ஆயுதமா வச்சிருந்தாங்க. அதுக்கு நான் பதில் சொல்றதை விட இந்தியப் போட்டி ஆணையம் சொன்னதைப் பாருங்க. ஷம்ஷேர் கட்டாரியாங்கறவர் 2011-ல மூணு கார் கம்பெனிகள் மேல புகார் கொடுத்தார். அசல் உதிரி பாகமும், கோளாறு கண்டுபிடிக்கிற கருவியும், தொழில்நுட்பத் தகவலும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காம பூட்டி வைக்கிறாங்கன்னு. விசாரணை விரிஞ்சு, 2014 ஆகஸ்ட் 25-ல தீர்ப்பு வந்தப்ப கணக்குல இருந்தது 14 கம்பெனிகள். மொத்த அபராதம் ஏறக்குறைய 2,545 கோடி ரூபாய். பாகங்களையும் கருவிகளையும் வெளிச் சந்தையில கிடைக்கச் செய்யணும், வெளியில ரிப்பேர் செஞ்சதுக்காக மட்டுமே வாரண்டியை ரத்து பண்ணக் கூடாதுங்கற திசையில உத்தரவு. 2016-ல மேல்முறையீட்டுல அபராதம் கணக்கிடுற முறை மாறிச்சு. ஆனா பூட்டி வச்சது தப்புங்கற அடிப்படை மாறலை.

வெளிநாட்டுலயும் இதே சண்டைதான். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-ல ஓட்டுப் போட்டே கார் ரிப்பேர் உரிமையை வாங்கினாங்க, 2020-ல மறுபடி ஓட்டுப் போட்டு வண்டி வயர்லெஸ்ஸா அனுப்புற தகவலுக்கும் அதை நீட்டினாங்க. இந்தியாவுல 2022 ஜூலையில நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு போட்டது, அந்த வருஷக் கடைசியில ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு இணையதளமும் திறந்தாங்க. கார்களும் அந்தப் பட்டியல்ல உண்டு. பேப்பர்ல உரிமை வந்துடுச்சு. கவுண்டர்ல வரணும்னா நாம கேக்கணும்.

இதுல என்ன போச்சு?

ஒன்பதாயிரம் ரூபாய் மட்டுமா? அது போனா அடுத்த மாசச் சம்பளத்துல வரும். போறது ஒரு தொழில். வடாலா, ஆண்டாப் ஹில், தாராவி பக்கம் நம்ம பையன்கள் எத்தனை பேர் கேரேஜ்ல வேலை கத்துக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அவனுக்கு நாம என்ன கத்துக் கொடுக்குறோம்? மீட்டர் பிடிக்கக் கத்துக் கொடுக்குறோமா, டப்பாவைப் பிரிக்கவா? கோடைப் படிச்சு டப்பாவைப் பிரிக்கிறதுதான் வேலைன்னா அதுக்கு அவன் வேண்டாம், நாளைக்கு ஒரு மெஷின் போதும். கோளாறு எங்கேன்னு யோசிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் நாற்பது வயசுலயும் மரியாதை இருக்கும். அவனுக்குச் சோறு போடுறது நாம கொடுக்குற சோதனைக் கூலி.

குப்பையையும் நினைச்சுப் பாருங்க. நல்ல சென்சர் குப்பைக்குப் போகுது. அதுல சிலது துடைச்சு, புது டப்பாவுல ஏறி, போலி ஸ்டிக்கரோட திரும்பி வர்றதும் இந்த ஊர்ல நடக்கும். சோதிக்காம வாங்குறவனுக்குத்தான் அது விக்கும்.

ஆகவே மக்களே, அடுத்த தடவை கவுண்டர்ல கேக்க வேண்டியது:

- கோடு நம்பரை எழுதிக் கொடுங்க. "சென்சர் போச்சு"ன்னு இல்லை, நம்பரை.
- சென்சரைக் குற்றவாளின்னு எப்படி முடிவு பண்ணீங்க? வோல்ட்டோ, கிராமோ, ஹெர்ட்ஸோ, ஒரு அளவு சொல்லுங்க.
- குழாய், ஃபில்டர், கனெக்டர் பார்த்தாச்சா?
- சோதனைக்குத் தனியாக் கூலி போடுங்க, தர்றேன். பில்லுல அந்த வரி இருக்கணும்.
- மாத்தினா பழைய சென்சர் என் கையில வரணும்.

இந்த அஞ்சுல ஒண்ணுக்கும் பதில் வரலைன்னா சாவியை வாங்கிக்கிட்டு வெளியே வாங்க. ரொம்ப தூரம் போக வேண்டாம். ஒவ்வொரு பேட்டையிலயும் மீட்டர் வச்சிருக்குற ஒரு அண்ணாச்சியோ, பாயோ, சர்தாரோ இருப்பார். தேடிப் பிடிச்சு, அவர் கேக்குற கூலியைப் பேரம் பேசாம கொடுங்க.

டிஸ்கி 1: வாரண்டி இருக்குற வண்டியில நீங்களா ஸ்க்ரூடிரைவரைத் தூக்காதீங்க. சோதிக்கச் சொல்லிக் கேளுங்க, அதுக்கு வாரண்டி தடை இல்லை.

டிஸ்கி 2: படலத்தைப் பஞ்சால துடைக்காதீங்க, கம்ப்ரெசர் காத்து அடிக்காதீங்க, கார்புரேட்டர் கிளீனர் ஊத்தாதீங்க. ஹேர் டிரையர்ல சுடு காத்தும் வேண்டாம். இந்தச் சென்சருக்குன்னே விக்கிற கிளீனரைத் தள்ளி நின்னு அடிச்சு, நல்லாக் காய விட்டு அப்புறம்தான் கரண்ட்.

டிஸ்கி 3: பின்னூட்டத்துல "எங்க சென்டர்ல சோதிச்சுத்தான் மாத்துவோம்"னு சொல்ல வர்ற அன்பர்களுக்கு: ரொம்ப சந்தோஷம். காத்தில்லாதப்ப எத்தனை வோல்ட் காட்டுச்சுன்னு பில்லுல எழுதிக் கொடுங்க. அடுத்த பதிவே உங்களைப் பாராட்டித்தான்.